அட்வகேட் ஜெனரல் ஆபீஸ்: சென்னையில் ஓர் ஆள், கொழும்பில் ஒரு திணைக்களம்

கேள்வி இது: "என் கொள்ளுத்தாத்தா 1920-களில் சென்னையில் அட்வகேட் ஜெனரல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய தம்பி கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் எழுத்தர். இரண்டுமே வெள்ளைக்கார அரசின் தலைமைச் சட்ட அலுவலகம்தானே? அவை ஒரே மாதிரி இருந்தனவா? ஆட்களை யார், எப்படி நியமித்தார்கள்?"

இரண்டும் ஒரே மாதிரி இல்லை. கொழும்பில் இருந்தது உண்மையிலேயே ஒரு திணைக்களம்: சம்பள ஏணி, பதவி உயர்வு, ஊர் ஊராகச் செல்லும் அரசுச் சட்டவாதிகள், எல்லோருக்கும் மேலே ஒரு தலைவர். சென்னையில் இருந்ததோ ஒரு பெரிய வக்கீல். அவரைச் சுற்றி, ஆனால் அவருக்குக் கீழே என்று சொல்ல முடியாதபடி, நாலைந்து தனித்தனிப் பதவிகள். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பேரரசுதான் ஆண்டது. ஆனாலும் சட்ட அலுவலகத்தை இரண்டு விதமாகக் கட்டியது. அதற்கான காரணத்தைப் பெரும்பாலும் ஒரே கேள்வியில் தேடலாம்: ஒரு குற்ற வழக்கை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்புவது யார்?

முதலில் சென்னை. 1798-இல் இங்கே ரெக்கார்டர் கோர்ட் வந்தது, 1801-இல் அது சுப்ரீம் கோர்ட்டாக மாறியது. இரண்டிலும் தலைமை நீதிபதி தாமஸ் ஸ்ட்ரேஞ்ச். அது மன்னரின் நீதிமன்றம். கிழக்கிந்தியக் கம்பெனியும் அங்கே வாதியாகவோ பிரதிவாதியாகவோ வந்து நிற்க வேண்டும். அதற்காகக் கம்பெனி வைத்துக்கொண்ட வக்கீல்தான் அட்வகேட் ஜெனரல். அதாவது ஆரம்பத்தில் அவர் கம்பெனியின் ஆள், மன்னரின் ஆள் அல்ல. இங்கிலாந்தின் அட்டர்னி ஜெனரல் மன்னர் பெயரில் செய்யக்கூடிய சில காரியங்களை இந்த வக்கீலும் செய்யலாம் என்று 1813-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன பிறகுதான் அந்தப் பதவிக்கு அரச மரியாதை ஒட்டிக்கொண்டது. 1858-இல் கம்பெனி போனதும் நியமனம் விக்டோரியா அரசியின் கையெழுத்திட்ட ஆணைப்படி லண்டனிலிருந்து வர வேண்டும் என்றாயிற்று. 1861-ஆம் ஆண்டுச் சட்டம், சென்னை கவர்னரின் சட்டசபையில் அட்வகேட் ஜெனரலுக்குப் பதவி வழியாகவே ஓர் இடம் கொடுத்தது. பதவியின் பேரிலேயே அந்தச் சபையில் உட்கார்ந்த ஒரே வக்கீல் அவர்தான்.

அவருடைய வேலை அரசுக்காக வாதாடுவது மட்டும் என்று எண்ண வேண்டாம். பொது தர்மங்களைக் காப்பதும் அவர் கடமை. நமக்கு நன்கு தெரிந்த உதாரணம் பச்சையப்பன் அறக்கட்டளை. பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். அவர் எழுதிவைத்த சொத்து பல ஆண்டுகள் வழக்கிலும் இழுபறியிலும் கிடந்தது. அதை சுப்ரீம் கோர்ட் வழியாக மீட்டு, மிச்சப் பணத்தைக் கல்விக்குத் திருப்பியதில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனின் பங்கு பெரியது. பள்ளிக்கூடம் 1842-இல் திறந்தது. அந்த அதிகாரம் பிற்பாடு சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஏறியது. 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-ஆம் பிரிவுப்படி, ஒரு கோயில் சொத்தையோ சத்திரத்தையோ தர்மகர்த்தா தின்றுவிட்டார் என்று வழக்குப் போட வேண்டுமானால், ஒன்று அட்வகேட் ஜெனரலே போட வேண்டும், அல்லது அக்கறையுள்ள 2 பேர் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வாங்கிப் போட வேண்டும். அந்தக் காலக் கோயில் வழக்குத் தீர்ப்புகளைப் புரட்டினால் இந்தச் சம்மதம் மறுபடி மறுபடி வருவதைக் காணலாம். தஞ்சாவூரிலோ மதுரையிலோ ஒருவர் அதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டாம் என்று, மாவட்டங்களில் கலெக்டருக்கு அந்த அதிகாரத்தை அரசு கொடுக்கலாம் என்று 93-ஆம் பிரிவு வழி வைத்திருந்தது.

இனி ஆட்கள். 1862-இல் ஹைகோர்ட் வந்தபோது பழைய சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் மேல்முறையீட்டு நீதிமன்றமான சதர் அதாலத்தும் ஒன்றாகக் கலந்தன. பெயர் ஒன்றானாலும் உள்ளே இரண்டு வீடுகள் அப்படியே இருந்தன. நகரத்து வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் ஒரிஜினல் சைடு ஒன்று, வெளியூர்க் கோர்ட்டுகளின் அப்பீல்களைக் கேட்கும் அப்பெல்லேட் சைடு ஒன்று. சட்டப் பதவிகளும் அந்தச் சுவரை ஒட்டியே பிரிந்தன. ஒரிஜினல் சைடில் அட்வகேட் ஜெனரல் வாதாடுவார். பாரிஸ்டர் மரபுப்படி கட்சிக்காரரை நேரே பார்த்து மனு தயாரிக்கும் வேலையை அட்டர்னிதான் செய்ய வேண்டும் என்பதால், அதற்குக் கவர்ன்மென்ட் சாலிசிட்டர் என்று தனியாக ஒருவர். அப்பெல்லேட் சைடில் சிவில் அப்பீல்களுக்குக் கவர்ன்மென்ட் பிளீடர், கிரிமினல் அப்பீல்களுக்குப் பப்ளிக் பிராசிக்யூட்டர். ஹைகோர்ட் செஷன்ஸில் சென்னை நகரத்துக் குற்றங்களை நடத்தக் கிரௌன் பிராசிக்யூட்டர்.

இந்தக் கடைசிப் பதவியைப் பலர் அட்வகேட் ஜெனரலோடு குழப்பிக்கொள்கிறார்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு எல்லோருக்கும் தெரியும். நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஜூரி முன்னால் நின்றது ஹைகோர்ட் செஷன்ஸில். அரசுத் தரப்பில் வழக்கை நடத்தியவர் கிரௌன் பிராசிக்யூட்டர் கோவிந்த மேனன். மாகாணமே பேசிய வழக்கு என்பதற்காக அட்வகேட் ஜெனரல் வந்து நடத்தவில்லை, அது அவர் வேலையும் அல்ல. 1937-இல் அந்தக் கிரௌன் பிராசிக்யூட்டர் பதவிக்கு வந்த முதல் இந்தியர் வி.எல். எத்திராஜ், எத்திராஜ் கல்லூரியை நிறுவிய அதே எத்திராஜ்.

மாவட்டத்தில் ஒவ்வொரு ஜில்லா கோர்ட்டுக்கும் ஓர் அரசு வக்கீல். உள்ளூரில் தொழில் செய்யும் பிளீடர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வார்கள். அவருக்கு வழக்கைச் சொல்லிக் கொடுப்பவர் கலெக்டர். ஒரு மிராசுதார் நிலத்தீர்வைக்காக அரசின் மீது வழக்குப் போட நினைத்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி 2 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கலெக்டர் கைக்குப் போகும். அவர் அரசு வக்கீலிடம் கருத்துக் கேட்பார். பெரிய தொகையோ புதிய சட்டப் பிரச்சினையோ என்றால் காகிதம் சென்னைத் தலைமைச் செயலகத்துக்கு ஏறும். அங்கே ஒரு செயலர் கேள்விகளாக வகுத்து அட்வகேட் ஜெனரலின் அபிப்பிராயத்துக்கு அனுப்புவார். அபிப்பிராயம் எழுதி வந்ததும் அதே வழியாக இறங்கி ஜில்லாவுக்குப் போகும். இந்தச் சங்கிலியில் ஒன்றைக் கவனியுங்கள். ஜில்லா அரசு வக்கீலுக்கு மேலதிகாரி கலெக்டர், அட்வகேட் ஜெனரல் அல்ல. ஹைகோர்ட் கவர்ன்மென்ட் பிளீடரை நியமித்ததும் அரசு, அட்வகேட் ஜெனரல் அல்ல. அவர் எல்லோருக்கும் மூத்தவர், கோர்ட்டில் முதலில் பேசும் உரிமை உள்ளவர், ஆனால் யாருக்கும் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுபவர் அல்ல. சென்னையின் ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி.

முழுநேர அரசு ஊழியரும் அல்ல அவர். அரசு அவருக்கு ஒரு தொகை கொடுத்து அமர்த்திக்கொள்ளும். மற்றபடி அரசுக்கு எதிரான வழக்கைத் தொடாமல் தனியார் வழக்குகளை அவர் தாராளமாக எடுக்கலாம். ஜமீன் வாரிசு வழக்குகளும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பாகப்பிரிவினைகளும் கொழித்த காலம் அது. முதல் வரிசை வக்கீல் ஒருவரை முழுச் சம்பளம் கொடுத்து அரசு கட்டிப்போட்டிருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார். சுதந்திரமாகத் தொழில் செய்ய விட்டதால்தான் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் போன்ற ஒருவர் 1929 முதல் 1944 வரை 15 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். நாட்டின் தலைசிறந்த சட்ட மூளைகளில் ஒன்று அரசுக்குக் கிடைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிற்பாடு அரசியலமைப்பு வரைவுக் குழுவில் அவர் உட்கார்ந்தபோது அந்த 15 ஆண்டு அனுபவமும் கூடவே வந்தது.

நியமனத்தில் நடந்த உண்மையான போராட்டம் பாரிஸ்டருக்கும் வக்கீலுக்கும் இடையில். லண்டனில் படித்து, அங்குள்ள சட்டச் சங்கங்களில் பேர் பதிந்தவர் பாரிஸ்டர். இங்கேயே பி.எல். சட்டப் பட்டம் முடித்துத் தொழிலுக்கு வந்தவர் வக்கீல். கல்கத்தாவும் பம்பாயும் ஒரிஜினல் சைடு கதவை வக்கீல்களுக்கு வெகுகாலம் சாத்தியே வைத்திருந்தன. சென்னையில் 1860-களிலேயே அந்தக் கதவு திறந்துவிட்டது. இதன் பலனைக் கணக்குப் போட்டால் பிரமிப்பாக இருக்கும். ஜான் புரூஸ் நார்ட்டன், இந்து சட்டத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஜான் டாசன் மேய்ன் என்று வெள்ளைக்கார பாரிஸ்டர்களே நிரப்பிவந்த நாற்காலியில், 1897-இல் தற்காலிகமாக ஒரு வக்கீல் உட்கார்ந்தார். அவர் வெம்பாக்கம் பாஷ்யம் ஐயங்கார். கடல் தாண்டாதவர், பாரிஸ்டர் பட்டம் இல்லாதவர். 1899-இல் மறுபடியும் அதே போலத் தற்காலிகம். இந்தத் 'தற்காலிகம்' என்ற சொல்லுக்குப் பின்னால் சட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. நிரந்தர நியமனம் லண்டனிலிருந்து வர வேண்டும். இடைக்காலத்தில் ஆள் வைக்க மட்டுமே கவர்னருக்கு அதிகாரம். எனவே இந்தியரின் திறமையை ஒப்புக்கொள்ளச் சென்னை அரசின் கையில் இருந்த கருவி தற்காலிக நியமனம்தான். பாஷ்யம் ஐயங்கார் 1901-இல் ஹைகோர்ட் நீதிபதியானார்.

அவர் திறந்த வழியில் அடுத்தடுத்து வந்தார்கள். அரசுத் தரப்பில் குற்ற வழக்குகள் நடத்திப் பழகிய சேற்றூர் சங்கரன் நாயர், பிறகு பி.எஸ். சிவசாமி ஐயர். 1916-இல் பாஷ்யம் ஐயங்காரின் மருமகன் எஸ். சீனிவாச ஐயங்கார். இவர் 1920-இல் அந்தப் பதவியை உதறிவிட்டுக் காங்கிரசுக்குப் போய், 1926-இல் கௌகாத்தி காங்கிரசுக்குத் தலைவரானார். அரசின் தலைமை வக்கீல் அரசை எதிர்க்கும் கட்சியின் தலைவரானது சம்பளத் திணைக்கள ஏற்பாட்டில் எளிதில் நடந்திருக்காது. மயிலாப்பூரில் தொழில் இருந்தது, கட்சிக்காரர் இருந்தார்கள், பென்ஷனை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவருக்குப் பின் சி.பி. ராமசாமி ஐயர், பிறகு டி.ஆர். வெங்கடராம சாஸ்திரி, பிறகு அல்லாடி.

இந்தப் பட்டியலை மறுபடி வாசித்துப் பாருங்கள். மலையாளியான சங்கரன் நாயரை விட்டால் பெயர்கள் எல்லாம் ஐயர், ஐயங்கார், சாஸ்திரி. 1916 டிசம்பரில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளியானபோது அரசுப் பதவிகளில் ஒரே சமூகம் குவிந்திருப்பதைத்தான் அது சுட்டியது. அட்வகேட் ஜெனரல் பதவியை விட அதற்குப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. இதில் யாருடைய திறமையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மூத்த வக்கீலின் அறையில் ஜூனியராக நுழைய உறவும் ஊரும் சாதியும் வேண்டியிருந்தன. அந்த அறையிலிருந்துதான் அடுத்த அட்வகேட் ஜெனரல் வந்தார். தேர்வு, விண்ணப்பம், விளம்பரம் எதுவும் இல்லாத ஒரு நியமன முறையில் இது தானாகவே நடக்கும்.

இப்போது கொழும்பு. அங்கே வரலாறு டச்சுக்காரரிடமிருந்து தொடங்குகிறது. வழக்கறிஞரை 'அப்புக்காத்து' என்று யாழ்ப்பாணத்தார் சொன்னது டச்சுச் சொல்லிலிருந்து. மனுக்களைத் தயாரிக்கும் புறொக்டரைக் குறிக்கும் 'பிறக்கிராசி' அதற்கும் முந்திய போர்த்துக்கீசியச் சொல். பிரிட்டிஷார் 1801-இல் வைத்த தலைமைச் சட்டப் பதவியின் பெயரும் டச்சு வாடையோடு அட்வகேட் ஃபிஸ்கல் என்றே இருந்தது. 1833-இல் அது கிங்ஸ் அட்வகேட் ஆயிற்று, விக்டோரியா வந்ததும் குவீன்ஸ் அட்வகேட். 1880-களில் அட்டர்னி ஜெனரல் என்ற பெயர் நிலைத்தது. அவருக்கு அடுத்தவர் சொலிசிட்டர் ஜெனரல். இந்த இரண்டுக்கும் இலங்கைத் தமிழில் சட்டமா அதிபர், மன்றாடியார் நாயகம் என்று சொல்வார்கள். இரண்டாவது சொல் எனக்கு மிகவும் பிடித்தது. மன்றத்தில் மன்றாடுபவர்களின் தலைவர். தமிழ்நாட்டில் நாம் இந்தப் பதவிகளுக்கு இவ்வளவு அழகாக ஒரு சொல்லைப் புழக்கத்தில் வைக்கவில்லை.

கொழும்பில் ஏன் திணைக்களம் வளர்ந்தது? அங்கே பெரிய குற்றங்களில் நீதவான், அதாவது மாஜிஸ்திரேட், ஆரம்ப விசாரணை நடத்திச் சாட்சியங்களை எழுதுவார். அந்தப் பதிவேடு அட்டர்னி ஜெனரலிடம் போகும். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதா, மேலும் சாட்சியம் எடுக்கச் சொல்வதா, ஆளை விட்டுவிடுவதா என்று அவர் பெயரில்தான் முடிவாகும். யாழ்ப்பாணத்தில் ஒரு வேலித்தகராறு கொலையில் முடிந்தாலும், காலியில் ஒரு கள்ளக் கையெழுத்து என்றாலும், பதிவேட்டுக் கட்டு கொழும்புக்கு வந்தாக வேண்டும். தீவு முழுவதும் வரும் கட்டுகளை ஒருவர் மாலை நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து படித்துவிட முடியாது. முழுநேரமும் படிக்க, குறிப்பெழுத, வரைய ஆள் வேண்டும். அதனால் கிரவுன் கவுன்சல் என்ற இளம் சட்டவாதிகளின் வரிசை உருவானது. சுப்ரீம் கோர்ட் நீதிபதி சுற்றுக்கு யாழ்ப்பாணம், கண்டி, காலி என்று புறப்படும்போது அவர்களில் ஒருவரும் கூடப் போவார். வெளியூர்ச் சில்லறை வேலைக்கு அந்தந்த ஊர்ப் பிறக்கிராசிகளில் ஒருவரைக் கிரவுன் புறொக்டராக வைத்துக்கொண்டார்கள்.

சென்னை மாகாணத்தில் இந்த அதிகாரம் அட்வகேட் ஜெனரலிடம் இல்லை. மாஜிஸ்திரேட்டே வழக்கைச் செஷன்ஸுக்கு அனுப்பிவிடுவார். அங்கே பப்ளிக் பிராசிக்யூட்டர் எடுத்துக்கொள்வார். ஹைகோர்ட் செஷன்ஸ் வழக்கைத் தொடராமல் நிறுத்தும் உரிமை அட்வகேட் ஜெனரலுக்கு இருந்தது உண்மைதான், ஆனால் அது எப்போதாவது எடுக்கும் ஆயுதம். தினசரிக் காகித மலை அவர் மேசைக்கு வரவே இல்லை. வராததால் ஆபீசும் பெருக்கவில்லை.

திணைக்களமாக இருந்ததன் பலன்களில் ஒன்று, கொழும்பில் படிகள் தெளிவாக இருந்தன. கிரவுன் கவுன்சல், சொலிசிட்டர் ஜெனரல், அட்டர்னி ஜெனரல், அதற்கு மேல் தலைமை நீதியரசர். சார்ல்ஸ் லேயார்ட் 1902-இல் அப்படி ஏறினார், ஆல்ஃபிரட் லாசெல்ஸ் 1911-இல், ஆன்டன் பெர்ட்ரம் 1918-இல். லாசெல்ஸும் பெர்ட்ரமும் சைப்ரஸில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். காலனிக்குக் காலனி மாற்றலாகும் சட்ட அதிகாரிகள். நேற்று வரை குற்றம் சாட்டியவர், அதுவும் கவர்னரின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்து அரசின் கொள்கையில் பங்கு கொண்டவர், இன்று தலைமை நீதியரசராக அமர்வதை அன்றைய அமைப்பு இயல்பாக எடுத்துக்கொண்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது இராணுவச் சட்டம் அமலில் இருந்த நாட்களில் பெர்ட்ரம்தான் அட்டர்னி ஜெனரல். மூன்றே ஆண்டில் அவர் நீதித்துறையின் தலைமையில் இருந்தார்.

அந்தப் படிகளில் உள்ளூர்க்காரர் எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதற்கு இரண்டு வாழ்க்கைகள் போதும். ஐரோப்பிய வழிவந்த உள்ளூர்ச் சமூகமான பறங்கியரில் ஒருவர் ரிச்சர்ட் மோர்கன்; அவர் 1863-இல் குவீன்ஸ் அட்வகேட் ஆனார். சென்னை நாற்காலியில் ஒரு வக்கீல் தற்காலிகமாகவாவது உட்காருவதற்கு 30 ஆண்டுகளுக்கும் முன்பே அது நடந்துவிட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1892-இல் சொலிசிட்டர் ஜெனரல் ஆனார், பத்தாண்டுக்கு மேல் அதில் இருந்தார். மேல் பதவி காலியானபோதெல்லாம் பதில் அட்டர்னி ஜெனரலாக வேலை பார்த்தார், ஆனால் நிரந்தரமாக அது அவருக்கு வரவில்லை. அந்தப் பதவியில் பழுத்தவர், 1915 கலவரத்துக்குப் பின் அரசின் அடக்குமுறையைச் சட்டசபையில் ஆதாரத்தோடு கிழித்தபோது, அரசின் கோப்பு எப்படி எழுதப்படும் என்பது உள்ளிருந்தே தெரிந்தவராகப் பேசினார்.

பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 1931-ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பு, சட்டச் செயலாளர் என்று ஒரு புதிய பதவியை மேலே கொண்டுவந்தது. அரசின் உயர்மட்டத்தில் அட்டர்னி ஜெனரலுக்கு இருந்த இடம் அவருக்குப் போயிற்று. இந்தியாவில் 1926-ஆம் ஆண்டு பார் கவுன்சில் சட்டம் வக்கீல், பாரிஸ்டர் வேறுபாட்டின் பல்லைப் பிடுங்கியது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஓர் அட்வகேட் ஜெனரலைக் கவர்னரே நியமிக்க வேண்டும், அவர் ஹைகோர்ட் நீதிபதியாகும் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும், கவர்னர் விரும்பும் வரை பதவி என்றது. லண்டன் ஆணை அதோடு முடிந்தது. நம் அரசியலமைப்பின் 165-ஆவது பிரிவு ஏறக்குறைய அதே வாசகம்தான். அதனால்தான் இன்றைக்கும் தமிழ்நாட்டில் அட்வகேட் ஜெனரல் தொழில் செய்யும் மூத்த வக்கீலாகவே வருகிறார், இலங்கையில் சட்டமா அதிபர் பெரும்பாலும் திணைக்களத்துக்குள்ளிருந்தே ஏறி வருகிறார்.

உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு வருகிறேன். மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால், 'அட்வகேட் ஜெனரல் ஆபீஸ் குமாஸ்தா' என்பது 1920-களின் சென்னையில் இரண்டு வேறு வேலைகளைக் குறிக்கலாம். ஒன்று, அரசுச் சம்பளத்தில் இருந்த எழுத்தர். மற்றது, அட்வகேட் ஜெனரலாக இருந்த அந்த வக்கீலின் சொந்தக் குமாஸ்தா. பின்னவர் கட்சிக்காரரை உட்காரவைத்து, கட்டுகளைச் சுமந்து, வாய்தாத் தேதியை மனப்பாடமாக வைத்திருந்து, ஐயா பதவியை விட்டாலும் ஐயாவோடு மயிலாப்பூர் வீட்டுக்கே திரும்பிப் போனவர். வீட்டில் விசாரிக்க வேண்டிய முதல் கேள்வி, அவர் பென்ஷன் வாங்கினாரா என்பது. வாங்கியிருந்தால் அரசு ஊழியர். அப்போது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்க்கலாம். பென்ஷன் இல்லை, ஆனால் ஒரு குறிப்பிட்ட வக்கீல் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவர் குடும்பத்தோடு போய்வந்தார் என்று பாட்டி சொன்னால், அந்த வக்கீலின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கொழும்புத் தம்பி விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அவர் திணைக்கள எழுத்தர் என்றால் அரசு ஊழியர்தான்.